மெற்றில்டா வழித்த ஒழுங்கை

லண்டனில் பனி வழிக்கவென்று சொந்தமாக மெஷின் வாங்கி வைத்திருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையின் மேல் முனை வீட்டில் இருக்கிறார். பெயர் மெற்றில்டா. மன்னார்க் கத்தோலிக்கர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஐந்தடி உயரம் வருவாரோ என்பதே சந்தேகம். என்னைவிட வயதில் நன்றாக இளையவர்தான், ஆனால் நான் சொல்லப்போகும் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவரை ‘அவள்’ என்று எழுத எனக்குக் கை வருகிறதில்லை.

என் பெயர் சபாரத்தினம். சவுத்தாலில் நெடுங்காலம் கடை வைத்திருந்து, முழங்கால் இரண்டும் இனி ஏலாது என்று சொன்ன பிறகு விற்றுவிட்டு வீட்டோடு இருப்பவன். எனக்கு வாய் நீளம் என்பாள் என் மனைவி கனகாம்பிகை. அவளுக்கு விரதம் நீளம் என்பேன் நான். விடியக் குளித்து, வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமிக்கு விளக்கேற்றாமல் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கமாட்டாள். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தெளித்தவள். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவைக் கடந்து ஹரோ மேட்டுப் பக்கம் ஏறினால் எங்கள் ஒழுங்கை வரும். இரண்டு பக்கமும் ஏழெட்டு வீடுகள். கீழே மெயின் ரோட்டிலிருந்து நெட்டுக்கு ஏறி, மேலே மெற்றில்டா வீட்டுப் படலையோடு முடிந்துவிடும். எங்கள் வீடு நடு ஏற்றத்தில். இந்த ஒழுங்கை கவுன்சிலுக்குச் சொந்தமில்லை. குண்டு குழி விழுந்தால் நாங்கள்தான் நிரப்பவேண்டும். பனிக்காலத்தில் ஐஸ் கரைய உப்புப் போடும் லொறி மெயின் ரோட்டால் உப்பை வாரி இறைத்துக்கொண்டு போகும், எங்கள் ஒழுங்கை வாசலில் மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

மெற்றில்டாவின் கணவர் அருட்பிரகாசத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி வண்டி வந்து டயலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு போகும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் டெனுசன் தன்னுடையதைத் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனைச் சோதித்த டொக்டர்கள், உனக்கே இந்த வயதில் நீரிழிவு தொடங்கிவிட்டது, போய்ச் சீனியைக் குறை என்று அனுப்பிவிட்டார்கள். மெற்றில்டாவுக்குப் பிரஷர், அவரையும் மறுத்துவிட்டார்கள். ஆகவே முன்பின் தெரியாத யாரோ ஒருவர் எங்கேயோ இறந்து, அவருடையது இவருக்குப் பொருந்தினால்தான் உண்டு. எங்கள் ஆட்களுக்குப் பொருந்துகிறது கிடைப்பது கடினம், நாள் செல்லும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களாம்.

ஆஸ்பத்திரி எந்த நேரத்திலும் கூப்பிடும். கூப்பிட்டால் உடனே போய்ச் சேரவேண்டும். பிந்தினால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதனால் மெற்றில்டா தன் போனைக் கண்ணில் இருந்து விலக்கமாட்டார். பள்ளிக்கூடத்தில் ஏப்ரன் பொக்கெற்றில், கோயில் பூசையில் கைக்குள், குளிக்கும்போது சவர்க்காரம் வைக்கும் தட்டில். வாடகைக்கு வரும் மினிகாப்பை நம்ப ஏலாது என்று, ஆஸ்பத்திரிக் கோல் வந்தால் நான்தான் காரில் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் எப்போதோ செய்துகொண்ட ஏற்பாடு. அருட்பிரகாசத்துக்குக் கார் ஓட்டுவது தடை. மெற்றில்டாவோ டிரைவிங் டெஸ்ட் எடுக்கப் போய்ப் போய் ஃபெயில் ஆகி, கிளச் என்ற சொல்லைக் கேட்டாலே சிலுவை போடும் ஆள்.

இப்படியிருக்கையில்தான் சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம் நாட்கணக்காகப் பனி கொட்டியது. ஆஸ்பத்திரி வண்டி ஒழுங்கையில் ஏற முடியாமல் கீழே நின்று ஹோர்ன் அடித்துவிட்டுத் திரும்பிவிட்டது. அருட்பிரகாசத்துக்கு டயலிசிஸ் தவறியது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் மனுசன் கதிரையில் இருந்தபடியே விடிய விடிய இழுத்தார். அடுத்த நாள் நாங்கள் நாலைந்து பேர் மண்வெட்டியும் கையுமாக நின்று வெட்டி, அவரைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி ஏற்றிவிட்டோம். அதற்குள் மதியமாகிவிட்டது. மெற்றில்டா அன்று அழவில்லை. மெயின் ரோட்டில் நின்று ஒழுங்கையை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“அண்ணை, அந்தக் கோல் இண்டைக்கு வந்திருந்தா?” என்று கேட்டார்.

நான் மண்வெட்டியை எடுத்து, ஏற்கெனவே வெட்டிய இடத்தையே மறுபடி வெட்டினேன்.

அடுத்த மாரிக்கு முன் ஒரு சனிக்கிழமை, டிரெயிலரில் பச்சை நிறத்தில் ஒரு சாமான் வந்து இறங்கியது. நாலு பருத்த சில்லு, மோட்டார் சைக்கிள் போலக் கைபிடி, முன்னுக்கு இரண்டு கையையும் விரித்த அகலத்தில் வளைந்த இரும்புத் தகடு. குவாட் பைக். கனடாவில் இருக்கும் மெற்றில்டாவின் தங்கச்சி புருசன், வீட்டு வாசல் பனியை இப்படி ஒன்றை ஓட்டித்தான் தள்ளுகிறாராம். அதை இவர் வீடியோவில் பார்த்துவிட்டு, சீட்டுக் காசெடுத்து, லண்டனுக்கு வெளியே ஏதோ பண்ணையில் பழையதாக ஒன்றைப் பிடித்திருக்கிறார். கியர் மாற்றத் தேவையில்லை, கிளச் இல்லை. தனியார் ஒழுங்கைக்குள் ஓட்ட லைசென்ஸ் கேட்க ஒருவரும் வரமாட்டார்கள்.

“மெற்றில்டா, கனடாவிலை ஸ்நோ விழுது, வாங்கினம். இஞ்சை விழுகிறது தூறல்தானே. இதை வச்சு என்ன, புட்டுக்கு மாவோ வழிக்கப் போறீர்?” என்று கேட்டேன்.

“விழாமல் இருந்தா நல்லது அண்ணை. விழுந்தா இது இருக்கு” என்றார்.

பிறகு நாலு மாரி வந்து போனது. பனி என்று சொல்லத்தக்க ஒன்றும் விழவில்லை. கூரையில் சீனி தூவினது போல விழும், மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. எதிர்வீட்டுக் குஜராத்திக்காரர் புல்லு வெட்டத் தருவீர்களா என்று கேட்டார். நான் என் பங்குக்குத் திருவிழாவுக்குத் தேர் இழுக்கலாம் என்றேன். ஆனால் மெற்றில்டா தன் பாட்டில் வேலையைப் பார்த்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உடுப்பு மாற்றி, மெஷினை ஸ்டார்ட் பண்ணி, ஒழுங்கையில் மேலும் கீழும் ஓட்டுவார். குளிர் தொடங்கினால் பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பார். இலையுதிர் காலத்தில் விழுந்த சருகெல்லாவற்றையும் அந்தத் தகட்டால் தள்ளித் தள்ளிப் பழகினார். தகட்டை எவ்வளவு சரிக்கவேண்டும், தள்ளியதை எந்தப் பக்கம் ஒதுக்கினால் எவர் படலையும் அடைபடாது, எங்கே தார் உடைந்திருப்பதால் தகட்டைக் கொஞ்சம் தூக்கவேண்டும் என்பதெல்லாம் சருகிலேயே படித்துவிட்டார்.

நவம்பர் வந்தால் ஒழுங்கையின் இரண்டு ஓரமும் மூங்கில் தடி நட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புத் துணி கட்டுவார். பனி மூடினால் தார் எங்கே முடிகிறது, பூமரம் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமாம். முதல் வருடம் கனகாம்பிகை அதைப் பார்த்துவிட்டு, “உங்கட கோயில் கொடியேத்தம் எப்ப பிள்ளை?” என்று உண்மையாகவே கேட்டாள். மெற்றில்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது குறைவு.

ஐந்தாவது மாரியில், டிசெம்பர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வானம் தாழ்ந்து வந்து எங்கள் கூரையில் குந்திக்கொண்டது. முதலில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பிறகு எதிர்வீடு மறையத் தொடங்கியது. மேலே இருந்து மெஷின் உறுமும் சத்தம் கேட்டது.

நான் யன்னலில் போய் நின்றேன். கணவனின் பெரிய கோட்டைப் போட்டு, கையை மடித்துவிட்டு, தலைக்கு மேல் மஞ்சள் மழைத்தொப்பி, கைபிடியில் தொங்கும் செபமாலையோடு மெற்றில்டா இறங்கி வந்துகொண்டிருந்தார். ஆள் நடக்கிற வேகந்தான். தகட்டுக்கு முன்னால் பனி சுருண்டு சுருண்டு ஒரு பக்கமாகப் புரண்டு விழ, பின்னால் ஈரத் தார் கறுப்பாக நீண்டு வந்தது. கீழே மெயின் ரோட்டு வரை போய்த் திரும்பி, மற்றப் பாதியை வழித்துக்கொண்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை மறுபடி வெள்ளையாகிவிட்டது. மறுபடி இறங்கி வந்தார்.

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன்.

“மெற்றில்டா, முழுக்க விழுந்து முடியட்டுமே. ஒரே வழியா வழிக்கலாம். இப்ப வழிக்க வழிக்க விழுதே?”

“விட்டா இறுகிப்போடும் அண்ணை. இறுகினா இந்த மெஷினாலை ஏலாது. விழ விழ வழிச்சாத்தான் ஒழுங்கை திறந்திருக்கும்.”

“எத்தினை தரம் வழிப்பீர்?”

“விழுமட்டும்” என்றுவிட்டுத் தகட்டை இறக்கினார்.

பொய் சொல்லக்கூடாது, எனக்குப் புல்லரித்தது. சருகு தள்ளியபோது சிரித்த வாய் என்னுடையது. அந்த வாய் அப்போது திறந்தபடி இருந்தது, பனி உள்ளே விழுகிற அளவுக்கு.

மறுநாள் எழும்பி யன்னல் சீலையை விலக்கினேன். உலகமே வெள்ளை. காரெல்லாம் பனிக்குள் புதைந்து கிடந்தன. மெயின் ரோட்டுப் பக்கம் பஸ் சத்தமே இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கை மட்டும், மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை, இரு கரையிலும் முழங்கால் உயரத்துக்குப் பனி வரம்பு கட்டி, நடுவே கருகருவென்று கழுவித் துடைத்ததுபோலக் கிடந்தது. ஒரு சின்னப் பெண், நாலு வருடம் எங்கள் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு பழகிய ஒரு வேலையால், இத்தனை பெரிய வானத்துக்கு விட்டுக்கொடுக்காமல் நின்றிருக்கிறார்.

ஆனால் அந்த ஒழுங்கையை எனக்கு முன்னமே இன்னொரு ஆளும் பார்த்துவிட்டது. அன்று கார்த்திகைச் சோமவாரம். கனகாம்பிகை விடியவே முழுகிவிட்டாள்.

போன் அடித்தது. மெற்றில்டா.

“அண்ணை, கூப்பிட்டிட்டினம்.”

அவ்வளவுதான் சொன்னார். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். காரைத் துடைத்து, எங்கள் வாசலிலிருந்து மேல்நோக்கி எடுத்தேன். வழுக்கலே இல்லை, கோடைக்காலம்போல ஏறியது. அருட்பிரகாசம் படலையில் தயாராக நின்றார். டயலிசிஸ் ஊசி ஏற்றும் இடதுகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்சீற்றில் ஏறினார். மெற்றில்டா பின்னால் பையோடு ஏறினார். செபமாலை மணி உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

காரைத் திருப்பி மெதுவாக இறக்கினேன். எங்கள் வாசலைத் தாண்டியதுதான் தெரியும். கார் என் சொல்லைக் கேட்கவில்லை. பிரேக்கை மிதிக்க, அது பக்கவாட்டில் திரும்பி, அப்படியே சறுக்கிக்கொண்டு போய், மூக்கு ஒரு கரைப் பனிக்குள்ளும் பின்பக்கம் மறுகரைப் பனிக்குள்ளுமாக ஒழுங்கைக்குக் குறுக்கே செருகி நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. நான் கதவைத் திறந்து காலை வைத்தேன், அடுத்த கணம் பின்புறம் அடிபட விழுந்தேன். விழுந்த இடத்தில் கையை ஊன்றிப் பார்த்தால் தார் முழுக்கக் கண்ணாடிபோல ஐஸ். சாதாரண ஐஸ் இல்லை. மஞ்சள் நிறம்.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வாசலில் கனகாம்பிகை, கையில் வாளியோடு. முகத்தில் இரத்தமே இல்லை.

“ஐயோ முருகா… இது நான் ஊத்தின தண்ணியெல்லே!”

நடந்தது இதுதான். ஒவ்வொரு நாளும் வாசற்படிக்கு மட்டும் தெளிப்பவள், அன்று ஒழுங்கை அவ்வளவு துப்புரவாகக் கிடந்த அழகைப் பார்த்து மனம் பொங்கி, நல்ல நாளும் அதுவுமாக முழு இடத்துக்கும் தெளிப்போம் என்று நினைத்திருக்கிறாள். குளிர் என்று தண்ணீரைச் சுடவைத்து, மஞ்சள் கரைத்து, வாளி வாளியாக ஊற்றியிருக்கிறாள். ஊற்றிய தண்ணீர் எங்கள் வாசலிலிருந்து இறக்கத்தால் வழிந்து, போன இடமெல்லாம் உறைந்து போனது. சுடுதண்ணீர் ஐஸைக் கரைக்கும் என்று நினைத்தாளாம். கரைக்க அங்கே ஐஸே இருக்கவில்லை, இவள் ஊற்றித்தான் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் மெற்றில்டா காரின் ஏற்றப் பக்கத்துக் கதவால் இறங்கிவிட்டார். காரைப் பார்த்தார். மஞ்சள் ஐஸைப் பார்த்தார். கனகாம்பிகையை ஒரு பார்வை பார்த்தார். நான் அவர் வாயிலிருந்து ஏதாவது வரும் என்று நினைத்தேன். நியாயமாக வந்திருக்கவேண்டும். நாலு வருடம், ஒரு முழு இரவு, எல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் போய்விட்டது.

“அண்ணை, ஒரு மினிகாப்பைக் கூப்பிட்டு மெயின் ரோட்டிலை நிப்பாட்டுங்கோ. மேலை ஏறவேண்டாம் எண்டு சொல்லுங்கோ” என்றார். திரும்பிக் கரைப் பனியில் கால் வைத்து மேலே ஓடினார்.

நான் ராம்கிக்குப் போன் அடித்தேன். திருச்சிக்காரத் தம்பி, எங்கள் பக்கத்தில் மினிகாப் ஓட்டுபவன். “மெயின் ரோடு உப்புப் போட்டுருக்காங்க சார், மெதுவா வந்துடுவேன்” என்றான். அவன் சொல்லி முடிக்கவும் மேலே மெஷின் உறுமவும் சரியாக இருந்தது.

சில்லுகளில் சங்கிலி மாட்டியிருந்தார். ஐஸுக்கு மேலே வந்துவிடுவார், ஆனால் குறுக்கே கார் கிடக்கிறதே, அருட்பிரகாசத்தை அந்த ஐஸில் நடத்தி இறக்கவும் ஏலாதே என்று நான் தவித்தேன். மெற்றில்டா கார் வரை ஒழுங்கையால் வரவே இல்லை. எங்கள் வீட்டு முன்வளவுக்கு நேரே மெஷினை நிறுத்தினார். எங்கள் முன்வளவு சரிவாக இறங்கி, காருக்குக் கீழே, ஒழுங்கை சமதரையாகும் இடத்தில் முடியும். நடுவே கனகாம்பிகையின் றோசாச் செடிகள், கரையில் பச்சை வேலி. லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்த செடிகள். நான் தெரியாமல் ஒரு கொப்பை முறித்ததற்கு ஒரு கிழமை எனக்குச் சம்பல் இல்லாத சோறு போட்டவள் அவள்.

“அக்கா…” என்றார் மெற்றில்டா. தகட்டைத் தூக்கியபடி றோசாச் செடிகளைப் பார்த்தார்.

“செடி கிடக்கட்டும் பிள்ளை, இடி! இடிச்சுக்கொண்டு போ!” என்று கத்தினாள் கனகாம்பிகை.

தகடு இறங்கியது. பனியும் றோசாவும் வேலியும் ஒன்றாகப் புரண்டன. ஒருமுறை முட்டியது, பின்னுக்கு எடுத்து, தகட்டை உயர்த்தி மேல் பாதியைத் தள்ளி, மறுபடி இறக்கி அடிப் பாதியைத் தள்ளினார். நான் நாலு வருடம் சருகில் பார்த்துச் சிரித்த அதே வித்தை. வேலி சரிந்தது. கீழே ஒழுங்கையின் கறுப்புத் தார் தெரிந்தது. அதே தடத்தால் ஏறி வந்து காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“ஏறுங்கோப்பா.”

நானும் கனகாம்பிகையும் அருட்பிரகாசத்தைப் பிடித்துப் பின்னால் ஏற்றினோம். அவர் வலதுகையால் மனைவியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

“கலியாணம் கட்டின நாளிலை இருந்து இவவை நான்தான் பின்னாலை ஏத்தித் திரிஞ்சனான், சபா. பாத்தீரே, இண்டைக்கு என்ர முறை” என்றார். அந்த நேரத்திலும் மனுசனுக்குப் பகிடி.

சங்கிலி நொறுநொறுக்க, எங்கள் முன்வளவால் இறங்கி, ஒழுங்கையில் ஏறி, வெள்ளைக் கரைகளுக்கு நடுவே, சிவப்புத் துணிகளுக்கு நடுவே போனார்கள். நான் விழுந்து எழும்பிப் பின்னால் ஓடினேன். முழங்கால் நோகவில்லை என்பது அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது. ஒழுங்கை மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ராம்கி கதவைத் திறந்தபடி நின்றான். மெற்றில்டா ஒழுங்கையின் விளிம்பில் மெஷினை நிறுத்தினார், ஒரு சாண் தாண்டவில்லை. நம்பர் பிளேட் இல்லாத வண்டி மெயின் ரோட்டில் ஏறக்கூடாதாம். அந்த அவதியிலும் மெஷின் திறப்பைக் கழற்றிக் கோட்டுக்குள் பத்திரமாக வைத்தார். இப்படியும் ஒரு பிறவியா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அவர்களோடு நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். வந்துவிட்டீர்களா, இந்தப் பனிக்குள்ளா என்று நேர்ஸ் ஆச்சரியப்பட்டாள். அருட்பிரகாசத்துக்கு உடுப்பு மாற்றி, இரத்தம் எடுத்தார்கள். அப்போதுதான் ஒரு டொக்டர் வந்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இப்படியான நேரத்தில் இன்னொருவரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். கடைசியாக ஒரு சோதனை இருக்கிறதாம். அதில் யாருடைய இரத்தம் அந்தச் சிறுநீரகத்தை ஏற்கிறதோ அவருக்குத்தான்.

காத்திருந்தோம். தேத்தண்ணி ஆறி ஏடு படர்ந்தது. ஒருவரும் குடிக்கவில்லை. மத்தியானம் கழிய அதே டொக்டர் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு அருட்பிரகாசத்துக்கு முன்னால் இருந்தார்.

பொருந்தவில்லை. இவருடைய இரத்தம் அதை ஏற்காது.

அருட்பிரகாசம் தலையை ஆட்டினார். பிறகு, மற்ற ஆளுக்குச் சரிவந்ததா என்று கேட்டார். அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்று டொக்டர் சொன்னார், ஆனால் முகத்தை மறைக்கத் தெரியாத மனிதர்.

“அப்ப வீணாப் போகேல்லை” என்றார் அருட்பிரகாசம்.

மெற்றில்டா ஆஸ்பத்திரி உடுப்பை மடித்துக் கட்டிலில் வைத்தார். கொண்டுவந்த செருப்பை, துவாயை, பல்லுத் தீட்டும் பிரஷை ஒவ்வொன்றாகப் பையில் திரும்ப அடுக்கினார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

ராம்கி எங்களை ஒழுங்கை வாசலில் இறக்கும்போது இருட்டத் தொடங்கிய மைமல் பொழுது. மெஷின் விட்ட இடத்தில் நின்றது, மேலே எங்கள் வீட்டுக் கம்பளி போர்த்தபடி. என்னுடைய நல்ல கம்பளி. கொஞ்சம் மேலே என் கார் ஒரு கரையாக நேராக நின்றது. குஜராத்திக்காரரும் மற்றவர்களும் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். அந்த மஞ்சள் ஐஸ் இருந்த இடத்தில் கனகாம்பிகை குந்தியிருந்தாள். கையில் தோசைத் தட்டகப்பை. பக்கத்தில் வெறும் உப்புப் பாக்கெட்டுகள் ஒரு குவியல். வீட்டில் இருந்த உப்பு, அயல் வீடுகளில் இரந்த உப்பு, தமிழ்க் கடைக்கு நடந்து போய் வாங்கி வந்த கட்டி உப்பு எல்லாவற்றையும் கொட்டி, நாள் முழுக்கச் சுரண்டியிருக்கிறாள். சோமவார விரதத்தில் அன்று அவள் வாயில் பச்சைத் தண்ணியும் படவில்லை. ஒழுங்கை மறுபடி கறுப்பாக இருந்தது.

எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“என்னாலையோ பிள்ளை? பிந்திப் போச்சோ?” என்று குரல் உடைந்து கேட்டாள்.

“இல்லை அக்கா. நேரத்துக்குப் போயிட்டம். இவருக்குப் பொருந்தேல்லை, அவ்வளவுதான்.” மெற்றில்டா அவளைக் கையில் பிடித்து எழுப்பினார். அவளுடைய விரல்கள் விறைத்துப் போயிருந்தன, அவற்றைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தார். “ஆரோ ஒரு வீட்டிலை இண்டைக்குச் செத்த வீடு அக்கா. அந்த வீட்டுக்கு உங்கட விளக்கிலை ஒரு திரி கூடப் போடுங்கோ. நானும் கொளுத்துறன்.”

பிறகு கணவனை மெஷினில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டார். நாங்கள் இருவரும் வீட்டுக்குள் வந்தோம். கனகாம்பிகை சாமியறையில் நெடுநேரம் இருந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. வெளியே பொட்டுப் பொட்டாக மறுபடி விழத் தொடங்கியது.

மேலே மெஷின் உறுமியது.

எனக்குப் பொறுக்கவில்லை. விறுவிறென்று வெளியே போய் ஒழுங்கை நடுவில் நின்று கையை நீட்டினேன். மெற்றில்டா நிறுத்தினார். அதே கோட்டு, அதே மஞ்சள் தொப்பி. கண் இரண்டும் வீங்கியிருந்தது. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறார்.

“மெற்றில்டா, காணும். போய்ப் படும். எல்லாம் முடிஞ்சுதே, இனி என்னத்துக்கு இதை வழிக்கிறீர்?”

கையுறையைக் கழற்றி, கோட்டுப் பொக்கெற்றைத் தட்டிக் காட்டினார்.

“போன் இஞ்சைதானே இருக்கு அண்ணை.”

தகடு இறங்கியது. நான் விலகி நின்றேன். பனி சுருண்டு ஒரு பக்கமாக விழ, பின்னால் கறுப்புத் தார் நீண்டுகொண்டு போனது. கனகாம்பிகை மிச்சமிருந்த ஒரு பாக்கெட் உப்போடு வெளியே வந்தாள். மெற்றில்டா வழித்துக்கொண்டு போன இடமெல்லாம் பின்னால் நடந்து நடந்து, வாசலுக்குத் தெளிக்கிற அதே கையால் தூவிக்கொண்டு போனாள்.